ஓணான் வளர்ப்பவர் உடும்புக் கறி சாப்பிடலாமா?

கொடைக்கானலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர் வீட்டில் ஒரு பச்சை இகுவானா, இரண்டு பால் பைத்தான் (பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு, ஆங்கிலத்தில் ball python), ஒரு பேக்மேன் தவளை (வாய் பெரிய தென் அமெரிக்கத் தவளை). வத்தலக்குண்டு பக்கம் இருக்கும் மாமா வீட்டுக்குப் போன மாதம் போயிருக்கிறார். அங்கே உடும்புக் கறி. இவர் தொடவில்லை. "கோழி தின்கிறாய், ஆடு தின்கிறாய், வீட்டில் இத்தனை பெரிய ஓணானை வளர்க்கிறாய், இதில் மட்டும் உனக்கு என்ன பாவம் வந்துவிட்டது?" என்று எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். வெளிநாட்டில் இகுவானாவையே சாப்பிடுகிறார்களாமே, உன்னுடையது வயதாகிச் செத்தால் சட்டியில் போடலாமே என்றும் கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்துவிட்டார். ஊர்வனவற்றை வளர்ப்பவர் அவற்றைச் சாப்பிடுவது தப்பா என்பதுதான் அவர் கேள்வி.

தம்பி, நான் கோத்தகிரியில் 19 வருடமாக இந்த உயிர்களை வளர்க்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: வளர்ப்பதும் தின்பதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. ஆடு மேய்ப்பவர் ஆட்டுக்கறி தின்கிறார், மீன் தொட்டி வைத்திருப்பவர் மீன் குழம்பு வைக்கிறார். நானே தவளை சாப்பிட்டிருக்கிறேன். சிறு வயதில் உடும்பும் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் இன்று உங்கள் மாமா வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் நானும் அந்தக் கறியைத் தொடமாட்டேன். வீட்டில் ஓணான் இருக்கிறதே என்ற பாசம் அதற்குக் காரணம் இல்லை. அந்த உடும்பு எங்கிருந்து வந்தது, எத்தனை வருடத்தில் அந்த அளவுக்கு வளர்ந்தது என்பதுதான் காரணம்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். மேட்டுப்பாளையத்துக்குக் கொஞ்சம் வெளியே பாட்டி வீடு. ஒரு நாள் காலையில் திண்ணையில் உடும்பு ஒன்று கிடந்தது. நான்கு கால்களையும் முதுகுக்கு மேல் மடக்கி நாரால் கட்டியிருந்தார்கள். கட்டின இடத்தில் தோல் உரிந்து ஈ மொய்த்தது. பக்கத்தில் போனால் விலா இரண்டும் விரிய மூச்சை இழுத்து, புஸ்ஸென்று நீளமாக விடும். பிளந்த நாக்கு வெளியே வந்து வந்து போகும். சனிக்கிழமை பிடித்ததை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் அறுத்தார்கள், கறி கெட்டுப் போகாமல் இருப்பதற்காக. தொண்டை காய்ந்திருக்குமே என்று நான் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். கட்டிப் போட்டிருந்ததால் அதற்குத் தலையைத் திருப்ப முடியவில்லை. கறி ருசியாகத்தான் இருந்தது. மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுத்தது, நாட்டுக்கோழியைவிடக் கொஞ்சம் நார் அதிகம். பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் அந்தச் சிரட்டை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

உடும்புக் கறி நமக்குப் புதிதில்லை. உடும்பின் கொழுப்பு போட்ட தயிர்க் கூழ் புறநானூற்றில் வருகிறது. பட்டினப்பாலையில் கடற்கரை மக்கள் வயல் ஆமையைப் புழுக்கித் தின்கிறார்கள். ஆகவே "தமிழர் உணவு" என்று உங்கள் மாமா சொன்னால் அதை மறுக்க வேண்டாம். அப்போது இருந்த காடு எவ்வளவு, இன்று மிச்சம் இருப்பது எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள்.

இங்கேதான் வளர்ப்பவருக்கு ஒரு கணக்கு தெரியும். கடைக்காரருக்கும் தெரியாது, சாப்பிடுபவருக்கும் தெரியாது. கறிக்கோழி நாற்பது நாளில் இரண்டு கிலோவைத் தொட்டுவிடும். உங்கள் இகுவானாவை நினைத்துப் பாருங்கள். கையளவுக் குஞ்சாக வந்தது வளர்ந்து நிற்பதற்குள் எத்தனை கட்டு கீரை, வெயிலுக்குப் பதிலாகப் போடும் யூவிபி பல்பு எத்தனை, மார்கழிப் பனியில் ஹீட்டருக்கு எவ்வளவு கரண்ட்! அது பருவத்துக்கு வரவே இரண்டு மூன்று வருடம் ஆகும். காட்டு உடும்பும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரு பெண் உடும்பு இருபது முட்டை வரை இடலாம், ஆனால் முட்டை பொரியவே ஏழெட்டு மாதம் ஆகலாம். பொரிந்த குஞ்சுகளைப் பருந்து, கீரி, பாம்பு, நாய் எல்லாம் பங்கு போட்டுக்கொண்டது போக மிஞ்சுவதுதான் வளர்கிறது. ஆமைகளின் பாடு இன்னும் மோசம். மேற்குத் தொடர்ச்சி மலையின் தாழ்வான ஈரக் காடுகளில் பிரம்பு ஆமை என்று ஒரு சின்ன ஆமை இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு முட்டைதான் இடும். அதைப் பிடித்துச் சுட்டுத் தின்றால் ஒரு வாய்க் கறி கிடைக்கலாம். அந்த ஒரு வாய் திரும்பி வருவதற்குக் காட்டுக்குப் பல வருடம் வேண்டும்.

நம் மலையின் மேல்பகுதியில் உடும்பு கிடையாது, அதற்குக் குளிர் ஆகாது. சீகூர், மசினகுடி, கல்லாறு அடிவாரம், உங்கள் பக்கம் வத்தலக்குண்டுச் சரிவு என்று கீழேதான் இருக்கும். மேலே நமக்கு இருப்பவை வேறு. தேயிலைச் செடி நுனியில் பச்சை முட்கள் நிற்க, பனி விலகும்வரை அசையாமல் உட்கார்ந்திருக்குமே ஒரு மலை ஓணான், அது நீலகிரியிலும் பழனி மலையிலும் உள்ள உயரமான இடங்களுக்கே உரியது. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. இதையெல்லாம் யாரும் தின்பதில்லை என்று நீங்கள் சொல்லலாம். சரி. ஆனால் சுற்றுலா வருபவர்கள் "காட்டுக் கறி கிடைக்குமா" என்று கேட்கிறார்கள், இல்லை என்று சொல்ல மனம் வராமல் சிலர் ஏற்பாடு செய்து கொடுக்கிறார்கள். ஒரு பழக்கம் அப்படித்தான் தொழிலாகிறது.

காட்டிலேயே பிறந்து வளர்ந்து, எப்போதாவது ஒன்றைப் பிடித்துத் தின்ற பழங்குடி மக்களை நான் இதில் சேர்க்கவில்லை. இடுக்கிப் பக்கம், மண்ணுக்குள்ளேயே வாழும் ஊதாத் தவளையின் தலைப்பிரட்டைகளை மழைக்காலத்தில் பாறையிலிருந்து அரித்தெடுத்துச் சமைக்கும் மக்கள் இருக்கிறார்கள். விஞ்ஞானிகள் 2003இல்தான் அந்தத் தவளைக்குப் பெயர் வைத்தார்கள், அந்த மக்கள் அதற்கு முன்பே அதன் வாழ்க்கையை அறிந்திருந்தார்கள். அவர்களுடைய அறிவின் மேல் எனக்கு மரியாதை உண்டு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் அவர்களுக்குத் தேன், கிழங்கு முதலிய உரிமைகளைத் தருகிறது, வேட்டையை மட்டும் விலக்கியிருக்கிறது. என் கோபமெல்லாம் பணம் கொடுத்து வாங்கும் நம்மைப் போன்றவர்கள் மேல்தான்.

தவளையின் கதை இதற்கு நல்ல பாடம். 1980களில் இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டன் தவளைக்கால் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனது. எல்லாம் வயலில் பிடித்தவை, பண்ணைத் தவளை இல்லை. உயிரோடு இருக்கும்போதே காலை வெட்டி உடலைக் குப்பையில் போட்ட காட்சிகள் அப்போது வெளிவந்தன. பூச்சியைத் தின்ன வயலில் தவளை இல்லாமல் போகிறதே என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. 1985இல் நம் பெரிய வயல் தவளை, காட்டுயிர் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்ஸின் பட்டியலில் ஏறியது, 1987இல் இந்தியா ஏற்றுமதிக்கே தடை போட்டது. கோவாவில் இன்றும் முதல் மழைக்குத் திருட்டுத்தனமாகப் பிடிக்கிறார்கள். இணைசேர்வதற்காக வெளியே வந்து கத்தும் தவளையைத்தான் எளிதாகப் பிடிக்க முடியும். அதாவது அந்த வருடத்து முட்டையையும் சேர்த்துச் சட்டியில் போடுகிறார்கள்.

அப்படியானால் நான் தவளை சாப்பிட்ட கதை? சிங்கப்பூரில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். கேலாங்கில் தவளைக் கஞ்சி பிரபலம். கூட வேலை செய்த சீன அண்ணன் ஒருவர் அழைத்துப்போனார். மண்சட்டியில் காய்ந்த மிளகாயும் வெங்காயத்தாளும் போட்டுக் கறுப்பாகக் கொதிக்கும் தவளை தனியாக வரும், உப்பே போடாத வெள்ளைக் கஞ்சி தனியாக வரும். கோழி இறக்கைக்கும் மீனுக்கும் நடுவில் ஒரு பதம். எலும்பு ஊசி மாதிரி மெல்லியது, பொறுமையாகத் தின்ன வேண்டும். அது பண்ணையில் வளர்த்த அமெரிக்கப் பெருந்தவளை. எந்த வயலும் அதனால் காலியாகவில்லை. அன்று நான் கூச்சப்படவில்லை, இன்றும் படவில்லை. ஊருக்கு வந்து என் பேக்மேன் தவளைக்கு மண்புழு போடும்போதும் எனக்கு முரண்பாடு எதுவும் தோன்றியதில்லை.

உங்கள் உறவினர்கள் சொன்ன இகுவானாக் கதையும் உண்மைதான். மத்திய அமெரிக்காவில் அதற்கு "மரக்கோழி" என்ற பொருளில் ஒரு பெயரே உண்டு. தவக்காலத்தில் விரும்பிச் சாப்பிடுவார்கள். பிடித்துப் பிடித்துக் காட்டில் குறைந்துபோனதால், டாக்மார் வெர்னர் என்ற உயிரியலாளர் 1980களில் பனாமாவிலும் பிறகு கோஸ்டாரிகாவிலும் முட்டைகளைப் பாதுகாப்பாகப் பொரிக்க வைத்து, குஞ்சுகளைக் கொஞ்ச காலம் வளர்த்து, மரங்களில் விடும் முறையைக் கொண்டுவந்தார். ஃப்ளோரிடாவிலோ நிலைமை நேர்மாறு. வெளியிலிருந்து வந்த இகுவானா பெருகித் தோட்டங்களை நாசம் செய்கிறது, அங்கே பிடித்துத் தின்றால் நல்லதுதான். ஒரே பிராணிதான், ஓர் இடத்தில் தின்றால் கேடு, இன்னோர் இடத்தில் தின்றால் உதவி. மலைப்பாம்பும் அப்படியே. தாய்லாந்திலும் வியட்நாமிலும் பண்ணைகளில் இருந்த 4,601 மலைப்பாம்புகளை அளந்து 2024இல் ஓர் ஆய்வு வந்தது. உண்ட தீனிக்குக் கறி தருவதில் அவை நம் வழக்கமான பண்ணை விலங்குகளை முந்துகின்றன, மாதக்கணக்கில் பட்டினி கிடந்தாலும் எடை அதிகம் இறங்குவதில்லை. பால் பைத்தான் வளர்ப்பவருக்கு இது ஆச்சரியமாக இருக்காது. உங்களுடையதும் குளிர்காலத்தில் எலியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நம்மைப் பயமுறுத்துமே!

உடனே "நாமும் பண்ணை வைத்தால் என்ன" என்று யாராவது கிளம்பிவிட வேண்டாம். நம் நாட்டில் இறைச்சிக்கென்று அனுமதிக்கப்பட்ட விலங்குகளில் ஊர்வன இல்லை. தவிர, நம் மலைக் குளிரில் ஒரு மலைப்பாம்பைக் கறிக்கு வளர்த்தால் கறியின் விலையைவிடக் கரண்ட் பில்தான் அதிகமாக வரும்.

அடுத்தது நோய். இதை மாமா வீட்டில் கட்டாயம் சொல்லுங்கள். உடும்பு ரத்தத்தைப் பச்சையாகக் குடித்தால் பலம், இளைப்புக்கு நல்லது என்று இன்னும் நம்புகிறார்கள். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழு இருக்கிறது. அதன் இளம்புழு எலியின் மலம் வழியாக நத்தைக்குப் போகிறது, நத்தையைத் தின்ற உடும்புக்குள் போய் அப்படியே தங்கிக் காத்திருக்கிறது. உடும்பின் ரத்தமோ ஈரலோ வேகாமல் வயிற்றுக்குள் போனால், அது மூளையைத் தேடிப்போகிறது. தாங்க முடியாத தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, சிலருக்கு அதற்கு மேலும். தென்னிந்திய மருத்துவமனைகளிலேயே பச்சை உடும்பு சாப்பிட்டு இப்படி வந்தவர்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அரைவேக்காட்டுத் தவளையிலும் பாம்பிலும் வேறு ஒரு நாடாப்புழுவின் குட்டி இருக்கும், அது தோலுக்கடியிலும் கண்ணிலும் ஊர்ந்து போகும். நன்றாக வெந்தால் இரண்டுமே செத்துவிடும். நாம் வளர்ப்பவற்றுக்கும் இது பொருந்தும் என்பதால் சொல்கிறேன்: மழைக்காலத்தில் தோட்டத்து நத்தையையும் ஓடில்லா நத்தையையும் பொறுக்கி உங்கள் தவளைக்குத் தீனியாகப் போடாதீர்கள்.

சால்மோனெல்லா என்ற பாக்டீரியா உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆமை, இகுவானா, பாம்பு எல்லாவற்றின் குடலிலும் இருக்கலாம், பிராணிக்கு ஒன்றும் செய்யாது, குழந்தைக்கு வயிற்றைக் கலக்கிவிடும். குட்டி ஆமைகளால் குழந்தைகள் நோயுற்றதால்தான் அமெரிக்கா 1975இல் நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளின் விற்பனைக்குத் தடை போட்டது. என் வீட்டில் இகுவானாவின் தண்ணீர்க் கிண்ணம் சமையலறைத் தொட்டிக்குள் வந்ததே இல்லை. வெளிக் குழாயில்தான் கழுவுவோம்.

தவளை வளர்ப்பவருக்கு இன்னொன்று. உலகம் முழுக்கத் தவளைகளைக் கொன்றுகொண்டிருக்கும் ஒரு தோல் பூஞ்சை இருக்கிறது. பண்ணைப் பெருந்தவளை தனக்கு ஒன்றும் ஆகாமலே அதைச் சுமந்து திரியும், உணவுக்கும் வளர்ப்புக்கும் நடக்கும் தவளை வியாபாரத்தில் அது ஊர் ஊராகப் போயிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அது பதிவாகியிருக்கிறது. 17 முதல் 25 டிகிரி வெப்பம் அதற்குச் சொர்க்கம், அதாவது நம் ஊட்டியும் கொடைக்கானலும். உங்கள் பேக்மேன் தொட்டித் தண்ணீரை ஒருபோதும் ஓடையில் கொட்டாதீர்கள். பிளீச்சிங் பவுடர் கலந்து ஒரு மணி நேரம் வைத்திருந்து, ஓடைக்கு எட்டாத இடத்தில் ஊற்றுங்கள். அந்த ஓடையில் கத்தும் மரத்தவளைக்கு வேறு ஊர் கிடையாது.

சட்டத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். உடும்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. 2022இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு நட்சத்திர ஆமையும் அங்கே ஏறிவிட்டது. மூன்று முதல் ஏழு வருடம் சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். பிடித்தவர் மட்டும் மாட்டுவதில்லை, கறியை வீட்டில் வைத்திருந்தவரும் மாட்டுவார். மாமா மேல் பாசம் இருந்தால் இதைச் சொல்ல வேண்டியது நீங்கள்தான். அப்புறம் உங்கள் இகுவானாவும் பால் பைத்தான்களும் சைட்ஸ் பட்டியலில் உள்ளவை. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி அவற்றை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். புதிதாக வாங்கினால் 30 நாளுக்குள். குஞ்சு பொரித்தாலும், செத்தாலும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். இன்னும் பதியவில்லை என்றால் நல்ல ஆலோசனை கேட்டு முதலில் அதைச் செய்யுங்கள். உடும்பைப் பற்றி மாமாவிடம் நியாயம் பேசும்போது நம் பக்கம் ஓட்டை இருக்கக்கூடாது.

கடைசியாக, உங்கள் இகுவானா செத்தால் சமைக்கலாமா என்பது. வேண்டாம். அருவருப்பினால் சொல்லவில்லை. வளர்ப்புப் பிராணி சாதாரணமாக நோயில்தான் சாகிறது, என்ன நோய் என்று பாதி நேரம் நமக்குத் தெரிவதில்லை. அதன் உடம்பில் நாம் ஏற்றிய மருந்து இருக்கும். ஆட்டுக்கும் கோழிக்கும் மருந்து கொடுத்தால் எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்று கணக்கு உண்டு. உங்கள் இகுவானாவுக்குப் போட்ட என்ரோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி ஊசிக்கு அப்படி ஒரு கணக்கை உங்கள் கால்நடை மருத்துவர் சொல்ல முடியாது, அவர் அதை உணவாக நினைத்து மருந்து எழுதவில்லை. வெளிச்சமும் சூடும் பட்ட கூண்டில் இரவெல்லாம் கிடந்த உடல் காலைக்குள் கெட்டும் போயிருக்கும். என் முதல் இகுவானா 11 வயதில் சிறுநீரகம் கெட்டுச் செத்தது. கடைசி ஒரு மாதம் ஊசிக் குழாயால்தான் தண்ணீர் கொடுத்தேன். வாயைத் திறக்கச் சொல்லி முகவாயில் விரலை வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு திறக்கும். அதைக் கறியாக யோசிக்க எனக்கு வரவில்லை. உங்களுக்கும் வராது, அதற்கு நீங்கள் யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை. தெருநாயை வளர்ப்பவரிடம் யாரும் கேட்பதில்லையே.

நேரம் வரும்போது தோட்டத்தில் மூன்றடி ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். சுண்ணாம்பு போட்டு மூடி, மேலே இரண்டு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடிகிற கல்லை வையுங்கள். நான் ஒன்றரை அடியோடு நிறுத்தினேன். மறுநாளே கரடி வந்து கிளறிவிட்டது. உங்கள் பக்கம் காட்டுப்பன்றி தொல்லை இருக்கும், கல் இல்லாமல் விடாதீர்கள்.